பொறியின் நாடி

பழைய ஆலைகளிலே பொறி திருத்துவோர் கையாண்ட முறையொன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரின் போதிகைமீது, அதாவது தொழிலாளர் பெயரிங் என வழங்கும் உறுப்பின்மீது, நீண்டதொரு திருப்புளியின் முனையை வைத்து, அதன் பிடியைக் காதின் பின்னெலும்பில் அழுத்திச் செவிமடுப்பர். பட்டறிவு மிக்கவரின் செவி, எண்ணெய் வற்றிய போதிகையின் கீச்சொலியையும் குழிவிழுந்த போதிகையின் கடகடப்பையும் வேறுபடுத்தி அறியும். அவர் ஓய்வுபெறும் நாளில் ஆலையின் அறிவிலே ஒரு பகுதியும் அவருடன் வெளியேறிவிடும். இன்று உணரிகளும் கணினி மென்பொருள்களும் அச்செவியின் பணியை ஏற்றுள்ளன.

ஆயின் செவிக்கும் கணினிக்கும் இடைப்பட்ட காலத்தில் பராமரிப்பை ஆண்டது நாட்காட்டியே ஆகும். இத்தனை மணித்தியாலம் ஓடிய பொறியைப் பழுதிருப்பினும் இல்லாவிடினும் கழற்றிப் பார்த்தல் வேண்டும் என்பது விதி. அவ்விதியை முதன்முதல் ஐயத்துடன் நோக்கியோருள் ஒருவர் பொறியியலாளர் அல்லர். கருவியல் ஆராய்ந்த உயிரியல் அறிஞர் என்பது சுவையான செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையின் கரையோரப் பிரிவிலே பணியாற்றிய சி. எச். வாடிங்டனும் அவர்தம் குழுவினரும், குண்டுவீச்சு விமானங்களின் பழுதுப் பதிவுகளைத் தொகுத்து நோக்கினர். ஐம்பது மணித்தியாலப் பறப்புக்கு ஒருமுறை நடைபெற்ற பரிசோதனையின் பின்னர் பழுதுகள் குறைதல் வேண்டுமன்றோ? பரிசோதனை முடிந்த உடனேயே அவை மிகுந்தன. பின்னர் நாட்செல்லச் செல்லவே குறைந்தன. நோயற்ற உடலை அடிக்கடி அறுத்துப் பார்க்கும் வைத்தியனின் செயலை ஒத்திருந்தது அப்பராமரிப்பு. போர்க்கால இரகசியம் காரணமாக இவ்வாய்வை விவரிக்கும் வாடிங்டனின் நூல் 1973 ஆம் ஆண்டிலேயே அச்சேறியது.

ஐந்தாண்டுகளின் பின்னர், 1978 இல், அமெரிக்க யுனைட்டெட் விமான நிறுவனத்தைச் சேர்ந்த நௌலன், ஹீப் ஆகிய இருவர் வெளியிட்ட அறிக்கை இதனை மேலும் உறுதிப்படுத்திற்று. அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளில் நூற்றுக்கு 89 பங்கினவற்றுக்கு வயதெல்லை விதிப்பதால் யாதொரு பயனும் இல்லை என்பது அவர்தம் முடிபு. வயது வழிகாட்டாதெனின், பொறியின் அன்றைய நிலையையன்றி வேறெதனைக் கேட்பது?

நிலையைக் கேட்கும் வழிகளுள் தலையாயது அதிர்வு. நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும் தண்டு செக்கனுக்கு 25 தடவை சுழல்கின்றது. தண்டின் எடை ஒருபுறம் சாய்ந்திருப்பின் அதிர்வு அந்த 25 என்ற மீடிறனிலேயே ஓங்கும். போதிகையின் வெளிவளையத்திலே சிறுகுழி ஒன்று வீழ்ந்திருப்பின், ஒவ்வொரு குண்டும் அதனைக் கடக்கும்போது ஒரு தட்டு எழும். குண்டுகளின் எண்ணிக்கை, அளவு, சுழற்சி வேகம் ஆகியவற்றைக் கொண்டு அத்தட்டின் மீடிறனை முன்கூட்டியே கணித்துவிடலாம். கலந்தொலிக்கும் இரைச்சலை இவ்வாறு மீடிறன் வாரியாகப் பிரித்தறியும் கணிப்பு, கூலி, தூக்கி என்பார் 1965 இல் வெளியிட்ட விரைவு முறையினால் கணினிக்கு எளிதாயிற்று. எனினும் பொறி நலமாயிருந்த நாளில் எடுத்த அளவு கைவசம் இல்லாதவிடத்து, மென்பொருள் தீட்டும் கோலத்தைப் பார்ப்பவருக்கு ஒப்பிட்டு நோக்க எதுவும் இராது. பெரும்பணம் செலவிட்டு மென்பொருளை வாங்கும் ஆலைகள் பல, செலவில்லாத இம்முதற்பதிவை மறந்துவிடுகின்றன.

மென்பொருள் தருவது எண். பொறியை நிறுத்துவது மனிதரின் முடிவு. இவ்விரண்டுக்கும் இடையே எத்துணைத் தொலைவு இருக்கக்கூடும் என்பதனை, தென்சைபீரியாவில் யெனிசே ஆற்றின்மீது அமைந்த சயானோ-சுசென்ஸ்கயா நீர்மின் நிலையத்திலே 2009 ஆகஸ்ட் 17 ஆம் நாள் நிகழ்ந்த விபத்து காட்டுகின்றது. ஒவ்வொன்றும் 640 மெகாவாற் திறனுடைய பத்து அலகுகளைக் கொண்டது அந்நிலையம். அவற்றுள் 1979 இல் இயங்கத் தொடங்கிய இரண்டாம் அலகு, அவ்வாண்டின் தொடக்கத்திலே திருத்தப்பட்டுப் புதிய கட்டுப்பாட்டு ஏற்பாடும் பொருத்தப்பெற்றிருந்தது. விசாரணை அறிக்கையின்படி, ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து அதன் நீர்ச்சுழலிப் போதிகையின் அதிர்வு ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகிற்று. அனுமதிக்கப்பட்ட எல்லை 160 மைக்கிரோமீற்றர். அன்று காலை எட்டு மணிக்குப் பதிவானது 600. எட்டு மணி பதின்மூன்று நிமிடத்துக்கு 840. அந்நிமிடத்திலேயே சுழலியின் மூடி பிய்த்துக்கொண்டு மேலெழுந்தது. பொறிமண்டபத்துள் வெள்ளம் புகுந்து 75 பேர் மாண்டனர். மின்சாரம் அற்றுப்போக, எஞ்சிய ஊழியர் அணையின் உச்சிக்குச் சென்று நீர்வாயில்களைக் கைகளாலேயே இறக்கினர்.

அவ்வுணரியே பழுதுற்றிருந்தது, அதன் எண்ணை நம்புதற்கில்லை என்ற வாதமும் பின்னர் எழுந்தது. அவ்வாதத்தை ஏற்பினும் குற்றம் குறைவதாகத் தோன்றவில்லை. பழுதென அறிந்த உணரியை மாற்றாது விட்ட இடத்தில், ஒருவரும் நம்பாத எண் நாள்தோறும் திரையில் நின்றது. அதைக் கண்டு பழகிய கண்களுக்கு 160 உம் 840 உம் ஒன்றாயின. மேலும், அலகொன்றை நிறுத்துவதாவது மின்விநியோகத்திலே 640 மெகாவாற்றைக் குறைப்பதாகும். அதற்கு மேலிடத்தின் கேள்விகளுக்கு விடையளித்தல் வேண்டும். ஓடவிடுவதற்கோ எவரும் விளக்கம் கேட்பதில்லை.

மூடியைப் பிணித்திருந்த மரையாணிகளுள் 49 பின்னர் ஆராயப்பட்டன. அவற்றுள் 41 இல் உலோகம் களைத்துண்டாகும் வெடிப்புகள் காணப்பட்டன. அவ்வகை வெடிப்புகள் ஒரே இரவில் தோன்றுவன அல்ல. இரண்டாம் அலகு மீண்டும் இயங்கியது 2014 நவம்பரிலாகும்; திருத்தப்பட்ட அலகுகளுள் இறுதியாக இயங்கத் தொடங்கியது அதுவே.