வெற்றிப் பணமும் கணக்கு ஒப்பீட்டாளரும்

இணையச் சூதாட்டத்தில் வென்ற பணம் டெபிட் கார்டுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பதை உள்ளபடி அறிந்தவர் வங்கியின் முகப்பில் அமர்ந்திருப்பவர் அல்லர். வந்த பணத்தையும் பதிவான பணத்தையும் வரிக்கு வரி பொருத்திப் பார்க்கும் ஒப்பீட்டாளரே, அதாவது வங்கி வழக்கில் ரீகன்சிலியேஷன் பார்ப்பவரே, அதை அறிவார். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்ததையடுத்து, நிறுவனங்கள் ஆட்டங்களை நிறுத்தி மீதத் தொகையை எடுத்துக்கொள்ளுமாறு அறிவித்தன. செவிலிமேடு போன்ற நெசவாளர் பகுதிகளில் தறிக்கூலி வரவாகும் அதே சேமிப்புக் கணக்குதான் ஆட்டப் பணத்துக்கும் வாயிலாக இருந்ததால், தாமதம் எங்கே நேர்ந்தாலும் ‘பேங்க்தான் பிடித்து வைத்திருக்கிறது’ என்ற பழி ஒப்பீட்டு மேசையின்மேல் விழுவது வழக்கமாயிற்று.

பிரிட்டனில் வெற்றிப் பணத்தை டெபிட் கார்டுக்கே நேரடியாக அனுப்பும் முறை பரவலாக இருக்கிறது. இந்தியாவில் தடைக்கு முன்பும் நடைமுறை அதுவன்று. இங்கே கார்டு வழியாகத் திரும்புவது பெரும்பாலும் கட்டிய பணத்தின் ரீஃபண்டு மட்டுமே. அது 23 இலக்கக் குறிப்பெண்ணோடு கடையின் வங்கி, கார்டு வலையமைப்பு, கார்டு வழங்கிய வங்கி என மூன்று படிகளைக் கடப்பதால் ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள் வரை இழுக்கும். வெற்றித் தொகையோ உடனடிப் பரிமாற்றச் சேவையான ஐ.எம்.பி.எஸ். வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ கணக்குக்கே வந்தது. 2010இல் தொடங்கிய ஐ.எம்.பி.எஸ். இரவு பகல், இரண்டாம் சனி, நான்காம் சனி எதையும் பார்ப்பதில்லை. நெஃப்ட்டும் 2019 டிசம்பர் 16 முதல் அரைமணிக்கு ஒரு தொகுப்பாக நாள் முழுவதும் ஓடுகிறது. அவ்வாறிருக்க, ‘வேலை நாள்’ என்ற சாக்கு இவ்வழிகளில் செல்லாது.

நாட்கள் கழிவது பெரும்பாலும் பணம் வங்கியை எட்டுவதற்கு முன்பே. நிறுவனம் ஒரு ரூபாயை அனுப்பிக் கணக்குதாரர் பெயரைச் சோதிக்கும்போது, பான் அட்டையில் தந்தை பெயர் விரிந்தும் பாஸ்புக்கில் அது இனிஷியலாகச் சுருங்கியும் இருந்தால் கோரிக்கை முடங்கிவிடும். இத்தமிழ் வழக்கத்தை மென்பொருள் எழுதியவர் எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரிச் சட்டத்தின் 194பிஏ பிரிவின்படி நிகர வெற்றியில் 30 விழுக்காடு பிடிக்கப்பட்டதும் நிறுவனத்திடமே நிகழ்ந்தது: 10,000 ரூபாய் கட்டி 16,000 எடுத்தவருக்கு 14,200தான் வந்து சேர்ந்தது. குறைந்த 1,800 ரூபாயையும் வங்கியிடமே கேட்பார்கள் என்பது தனிக் கதை.

ஒப்பீட்டுத் தொழிலின் உண்மையான முடிச்சு வேறோர் இடத்தில் இருக்கிறது. பணம் புறப்பட்டுவிட்டது, பெறும் வங்கியின் கணினி உரிய நொடிகளுக்குள் பதில் சொல்லவில்லை என்றால், அப்பரிமாற்றம் தோல்வியாகக் கொள்ளப்படாமல் ‘டீம்டு’ நிலையில், அதாவது சேர்ந்ததாகக் கொள்ளப்படும் நிலையில், நிறுத்தப்படுகிறது. வங்கிகளுக்கிடையிலான தீர்வில் தொகை பெறும் வங்கிக்குப் போய்விடுகிறது. வாடிக்கையாளர் கணக்கிலோ அது ஏறவில்லை. தன் பேரேடு, பரிமாற்றக் கணினியின் பதிவு, தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் கோப்பு ஆகிய மூன்றையும் பரப்பி வைத்து, 12 இலக்கக் குறிப்பெண்ணான ஆர்.ஆர்.என்.னைக் கொண்டு அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்து, வரவு வைப்பதா திருப்புவதா என முடிவுசெய்வதே ஒப்பீட்டாளரின் வேலை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை இதற்கு அளித்திருப்பது மறுநாள் வரை மட்டுமே. அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. திருப்பினால் தொகை ஆடியவரிடம் போகாது, அனுப்பிய நிறுவனத்தின் பொதுக் கணக்குக்கே போகும்; அங்கே அதனை இன்னாருடையது என்று இனங்காணும் ஒருவர் இல்லாவிட்டால், நிறுவனத்தின் திரை ‘வெற்றி’ என்றும் பாஸ்புக் வெறுமையாகவும் பல நாள் நிற்கும், இரண்டும் அதனதன் அளவில் பொய்யல்ல. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் ஒவ்வோர் ஊடையிலும் கோக்கப்படுவதைப்போல இரு தரப்புப் பேரேடுகளும் வரிக்கு வரி கோக்கப்பட்டால்தான் இந்த இடைவெளி தெரியும்; மொத்தத் தொகை டேலி ஆகிவிட்டது என்று எழுந்துபோகிறவருக்கு அது ஒருபோதும் தெரியாது.

மொத்தத்தைப் பார்த்து எழுந்துபோகும் இவ்வழக்கமே இன்று திறமை எனப்படுகிறது. பொருந்தாத வரியைச் சஸ்பென்ஸ் கணக்கில், அதாவது உரியவர் தெரியும்வரை வைக்கும் தற்காலிகக் கணக்கில், போட்டுவிட்டு ‘நாளைக்குத் தானாகச் சரியாகிவிடும்’ என்பது இளையோரின் முறை. 2025 பிப்ரவரி முதல் யு.பி.ஐ.யில் பெறும் வங்கி ‘வரவு வைக்கப்பட்டது’ அல்லது ‘திருப்பப்பட்டது’ என்று பதிந்தால், அனுப்பிய வங்கியின் முறையீட்டைக் கணினியே ஏற்றோ தள்ளியோ விடுகிறது. வேகம் மெய்தான்; ஆனால் அப்பதிவைத் தவறாக இட்டவரின் பிழையும் அதே வேகத்தில் உறுதியாகிவிடுகிறது, அதைக் கண்டுபிடிக்கும் கண்ணோ மேசையில் இப்போது இல்லை. சிவப்பு மையால் டிக் போட்டுப் பேரேடு சரிபார்த்த தலைமுறை ஓய்வுபெற்ற பிறகு, அவ்விடங்களுக்கு ஆள் போடுவது வீண்செலவாகக் கருதப்படுகிறது.

முறையிடும் வழியும் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கிறது. வங்கி 30 நாட்களுக்குள் தீர்வு தராவிட்டால், 2021 நவம்பர் 12இல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் எவரும் மனுச் செய்யலாம். ஆட்ட நிறுவனங்கள் அத்திட்டத்துக்குள் வருவதில்லை. ஆதலால் நிறுவனத்தின் பொதுக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கும் வங்கிக் கிளையின்மேலேயே மனு எழுதப்படுகிறது. அம்மனுவோடு நிறுவனத்தின் திரையைப் பிடித்த படம் நான்கு கோணங்களில் இணைக்கப்பட்டிருக்கும். நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றிருக்க வேண்டிய 12 இலக்க எண் மட்டும் இராது.