விரிசலும் பூச்சும்

2019-ஆம் வருஷத்துக் கோடையைச் சென்னைவாசிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். பட்டணத்துக்கு நீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டன. பூந்தமல்லியில் வசிக்கும் எங்களுக்கு அண்டை வீட்டுக்காரரைப் போன்ற செம்பரம்பாக்கம் ஏரியே கையை விரித்துவிட்டது!

அந்தச் சமயம் பார்த்துத்தானா எங்கள் மொட்டை மாடியிலிருந்த பைபர் தொட்டி கீறல் விட வேண்டும்? குளிப்பதற்கும் துவைப்பதற்கும் அதுவே கதி. அடியேன் சும்மா இருக்கவில்லை. ஏதோ ஒரு பசையை வாங்கி விரிசலின் மேல் அப்பி, வர்ணமும் பூசினேன். பார்வைக்குப் புதுத் தொட்டிதான்! லாரித் தண்ணீரை நிரப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்து பார்த்தால், காசு கொடுத்து வாங்கிய நீரெல்லாம் மாடியில் ஓடிப் போயிருந்தது. என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த வீட்டில் இரண்டு குடம் கடன் வாங்கி வந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் உண்டு. 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு நமது கரைகளில் பைபர் படகுகள் பெருகின அல்லவா? அவற்றைப் பழுது பார்ப்பதில் அவர் கைதேர்ந்தவர். என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடலாமா, ஸார்?" என்றார்.

விஷயம் இதுதான். பைபர் என்பது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய பொருள். விரிசலில் இழை அறுந்துவிடுகிறது; அறுந்த இழைக்குப் பசை ஈடாகாது. அவர் சொற்படி தொட்டியை நன்றாகக் காயவைத்து, கீறலைச் சுற்றி இரண்டு அங்குலம் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தேன். கெட்ட பாகம் முழுவதும் போய், உறுதியான பாகம் தெரியும் வரையில் தேய்க்க வேண்டும். விரிசலைப் பெரிதாக்க எனக்குக் கை நடுங்கியது!

ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலக்கி, பிறகே காட்டலிஸ்ட்டைச் சில துளிகள் விடவேண்டும். அவ்விரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் தீயும் வெடிப்பும் நேரலாம். காட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஆகையால் கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் அணிந்து, திறந்த வெளியில் வேலை செய்தேன். பைபர் மேட்டைச் சிறிதும் பெரிதுமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, காற்றுக் குமிழ் போகும்படி பிரஷ்ஷால் குத்திக் குத்தி ரெசினை ஏற்றினேன்.

நன்றாக இறுகிய பின் தொட்டியைக் கழுவி நீர் நிரப்பினோம். ஒரு சொட்டுக் கூடக் கசியவில்லை. முதற்காரியமாக அடுத்த வீட்டுக்கு இரண்டு குடம் போயிற்று.

ஒட்டுப் போட்ட இடம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. "வர்ணம் பூசக்கூடாதா?" என்று கேட்கிறார்கள். ஒரு தடவை பூசியது போதும்!