டார்ச் வெளிச்சத்தில் சிக்கிய திருடன்

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், "பழ ஈக்குப் பொறி கட்டியும் கொய்யா உதிர்வது நிற்கவில்லை, என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதே கேள்வியோடு இரண்டு வருடம் அல்லாடியவன் நான். என் அனுபவம் அவருக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

பழனி பக்கம், மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கொய்யா. மேற்கு வேலியை ஒட்டி ஓடை, அதற்கு அப்பால் கரடு. ஆவணி, புரட்டாசியில் பறிக்கும் பழத்தில்தான் நாலு காசு பார்ப்போம். மூன்று வருடத்துக்கு முன்பு அந்தப் பட்டத்தில் பழுக்கிற நேரமாகப் பார்த்துப் பழம் பொத்துப் பொத்தென்று விழ ஆரம்பித்தது. மரத்தில் இருந்த பழத்திலும் ஊசி குத்தின மாதிரி புள்ளி. வியாபாரி அழுத்திப் பார்த்துவிட்டு, "இது பெட்டிக்கு ஆகாதுங்க" என்று பாதியைக் கழித்துவிட்டார். மகளின் காலேஜ் பீஸுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம்.

பழ ஈதான் என்று முடிவு கட்டி, அடுத்த வருடம் மெத்தில் யூஜினால் பொறி வாங்கிக் கட்டினேன். ஈ குவியல் குவியலாக விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால், பழம் உதிர்வது நிற்கவே இல்லை. பதறிப்போய், பறிப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது மருந்தும் அடித்தேன். அதனாலும் பலனில்லை. மருந்து பட்டு விழுந்த பழத்தை ஆட்டுக்குப் போடக்கூட மனசு வரவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரம்மாதான். விழுந்த பழங்களை வரிசையாக அறுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, பத்துப் பழத்துல ரெண்டுலதான் புழு இருக்கு. மத்ததுல ஓட்டை மட்டும்தான் இருக்கு" என்றார். பழ ஈ முட்டை வைத்த பழத்தை அறுத்தால் உள்ளே புழு நெளியும். இதில் புழு இல்லை. அழுத்தினால் ஓட்டை வழியாகச் சாறு பீய்ச்சியது. ஓட்டைக்கு அடியில் சதை பஞ்சுபோல் இருந்தது.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு தோட்டத்துக்குப் போனோம். மேற்கு வரிசையில் ஒரு பழத்தின்மேல் இரண்டு சின்னக் கண்கள் நெருப்புக் கங்கு மாதிரி மின்னின. கிட்டே போனால், காய்ந்த இலை போல இறக்கை கொண்ட பெரிய அந்துப்பூச்சி. பறந்தபோது பின்னிறக்கை ஆரஞ்சு நிறத்தில், கறுப்புப் புள்ளியோடு தெரிந்தது. பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி அது. ஊசி போன்ற உறிஞ்சுகுழலால் தோலைத் துளைத்துச் சாறு குடிக்கும். அந்தத் துளை வழியாகப் பூஞ்சணம் புகுந்து பழம் அழுகும். இரவில் வெளியிலிருந்து பறந்து வந்து, குடித்துவிட்டுப் போகிற பூச்சி இது, இலையைத் தின்பதில்லை. பிறகு நான் பகலில் மருந்தடித்து என்ன பிரயோசனம்? மெத்தில் யூஜினாலுக்கும் ஆண் பழ ஈ மட்டும்தான் வரும். இந்தப் பூச்சி திரும்பிக்கூடப் பார்க்காது.

மறு வருடம், காய் பழுக்க ஆரம்பிக்கும் முன்பே பொறி தயார் செய்தேன். கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, வெல்லம் கரைத்த தண்ணீரில் சேர்த்து, மூன்று நாள் புளிக்க விட்டேன். ஐந்து லிட்டர் கேன்களில் உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பக்கவாட்டில் சன்னல் வெட்டி, அடியில் இந்தக் கரைசலை ஊற்றி, நாலு பக்கமும் நடுவிலுமாக ஐந்து இடத்தில் கட்டினேன். பிள்ளைகளும் ஆடும் திரிகிற இடம் என்பதால் விஷம் கலக்கவில்லை. மழை பெய்து கரைசல் நீர்த்துப்போனால் மாற்றிவிடுவேன். தினமும் காலையில் விழுந்ததை எண்ணி நோட்டில் எழுதினேன். வண்டு, வேறு அந்து எல்லாம் விழும். ஆரஞ்சு இறக்கைக்காரனை மட்டும்தான் கணக்கில் சேர்ப்பேன்.

முதல் வாரம் எதிலும் ஒன்றுமில்லை. நல்ல மழை ஒன்று பெய்து சில நாள் கழித்து, மேற்குப் பொறியில் மட்டும் இரண்டு, அப்புறம் ஐந்து. கிழக்கே பூஜ்யம்தான். அந்த நோட்டு சொன்னபடி மேற்கில் நாலு வரிசைக்கு மட்டும் பழங்களுக்குக் காகித உறை மாட்டினோம். தோட்டம் முழுக்க மாட்டக் கூலி கொடுக்க எங்களால் முடியாது.

மேற்கில் மட்டும் ஏன்? வேலியைப் பார்த்தபோது விடை கிடைத்தது. சீந்தில் கொடி மண்டிக் கிடந்தது. இந்தப் பூச்சியின் புழு கொய்யாவைத் தொடாது. சீந்தில், கட்டுக்கொடி இவற்றின் இலையைத் தின்றுதான் வளரும். கண் போன்ற புள்ளியோடு கறுத்த புழுக்கள் இலைக்கு அடியில் இருந்தன. வெட்டலாம் என்று அரிவாளை எடுத்தால், அப்பா குறுக்கே வந்து நின்றார். "டேய், உனக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்தப்பல்லாம் இந்தக் கொடியிலதாண்டா கசாயம் வச்சுக் கொடுத்தேன்" என்றார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் நோட்டைக் காட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தவர், தானே ஒரு துண்டுக் கொடியை வெட்டி வந்து வீட்டு வாசல் வேம்பின் அடியில் நட்டார். "இதை நான் பாத்துக்கிறேன், மத்ததை எடுத்துரு" என்றார். இப்போது தினமும் காலையில் அந்தக் கொடியில் புழு பொறுக்குவது அவர் வேலை.

பூச்சி அடியோடு ஒழிந்துவிடவில்லை. கரட்டிலும் சீந்தில் இருக்கிறது. அங்கிருந்து பறந்து வரத்தான் செய்கிறது. பழம் நன்றாகக் கனிந்துவிட்டால் பொறியை விட்டுப் பழத்துக்கே போய்விடுகிறது. இந்தப் பொறி பூச்சியை ஒழிக்காது. எப்போது, எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லும், அவ்வளவுதான். அது தெரிந்ததால் மருந்துச் செலவு மிச்சம். போன பட்டத்தில் வியாபாரி கழித்தது இரண்டு பெட்டிதான்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் விழுந்த பழத்தில் பத்தை அறுத்துப் பாருங்கள். புழு இல்லையென்றால், இன்று ராத்திரியே டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள்.