வெட்டினால் பெருகும் கொடி

ஜூன் 4, கராச்சர்மா, தெற்கு அந்தமான்

விடாத மழை. வேளாண் ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம் சாலையோரம் முழுக்கச் சிங்கப்பூர் டெய்சி. பேர்தான் சிங்கப்பூர், பூர்விகம் நடு அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும். தோட்ட அழகுக்காக ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இன்று இதுவும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா இதைக் கீரையென்று பறித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்ல. இலையப் பாருங்க, மூணா பிரிஞ்சிருக்கு."

"பூ அப்படியேதானேப்பா இருக்கு!"

இரண்டும் நெருங்கிய உறவுச் செடிகள். யாருக்கும் குழப்பம் வரும்.

ஜூன் 8

சிடியா டாப்பு போகும் வழியில் ஒரு சின்னக் கடற்கரை. யாரோ தோட்டத்தில் வெட்டிய இதே கொடியை மணல்மேட்டில் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குவியல் வாடவில்லை, வேர்விட்டிருக்கிறது! இது விதையை அதிகம் நம்பாது. ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்டால் புதுச் செடி. உப்புக்காற்றும் இதை ஒன்றும் செய்வதில்லை. கீழே அடம்பு படர்ந்த இடத்தில் இப்போது கனத்த மஞ்சள் விரிப்பு. அதற்கடியில் புன்னங்கன்று ஒன்று வெளுத்துக் கிடந்தது.

எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல் புகுந்ததை இங்கே எல்லோரும் பார்த்தோம். கரை உள்ளே நகர்ந்தால் அடம்பும் தாழையும் புன்னையும் கூடவே உள்ளே நகர வேண்டும். மணலைப் பிடித்து வைப்பவை அவைதாம். இப்போது அவை பின்வாங்கும் இடத்தில் சாலை, வீடு, வேலி. மிஞ்சிய கீற்றையும் இந்தக் கொடி பிடித்துக்கொண்டால் அவை எங்கே போகும்? ஆமைகள் முட்டையிடக் குழி தோண்டுவதும் அலை எட்டாத அந்த மேல்மணலில்தான்.

ஜூன் 15

நண்பர்களோடு அந்தக் கடற்கரைக்குப் போய்க் கொடியைப் பிடுங்கினோம். அரிவாள் வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வெட்டினால் துண்டுகள் சிதறும். மண்ணைக் கிளறி, கணுக்களைத் தேடித்தேடி எடுத்தோம். இந்த மழையில் காயாது என்பதால் எல்லாவற்றையும் கறுப்புப் பாலிதீனில் கட்டி, மணலிலிருந்து தள்ளி வைத்தோம். வெறுமையான இடத்தில் அடம்பந்துண்டுகள் நட்டாயிற்று. விட்டுப்போன கணுக்கள் நிச்சயம் துளிர்க்கும். மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும்.

தோட்டக் கழிவைக் கடலோரம் கொட்டக் கூடாதென்று பஞ்சாயத்தில் மனு கொடுக்கப்போகிறோம். இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் எழுதிக் கடற்கரை வாசலில் பலகை வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.