எலெக்ட்ரானிக் சிட்டி டு பன்னர்கட்டா ரோடு!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதுகில் லேப்டாப் பை, கையில் அழுக்குத் துணி மூட்டை, கழுத்தில் கழற்ற மறந்த ஐ.டி. கார்டு... ஓசூர், தர்மபுரி, சேலம், ஈரோடு என்று பாதித் தமிழ்நாடு அங்கே பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருக்கும். அடுத்த வருஷம் அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருக்கலாம். கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து வருகிற ஆஃபர் லெட்டரில் 'சிஸ்டம்ஸ் இன்ஜினீயர்' என்று போட்டிருக்கும். வீட்டில் கேசரி கிண்டுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒருத்தராவது, "இந்த வருஷம் கேட் எழுதறேன் பாஸ்" என்பார். வேலை கிடைக்க நாலு வருஷம் படித்து, கிடைத்த வேலையை விட்டுவிட்டு மறுபடி ரெண்டு வருஷம் எம்.பி.ஏ.வா? கிறுக்கா பிடிச்சிருக்கு?

எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் நாலு வருஷமாக அங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவன்தான். சர்வர்களுக்குக் காவல் காக்கிற சிஸ்டம்ஸ் இன்ஜினீயர். சொந்த ஊர் திருச்செங்கோடு. ஏன் போகிறேன் என்று சொல்ல உங்களை ஒரு சின்ன டூர் கூட்டிப்போகிறேன். மெட்ரோ டிக்கெட், பஸ் டிக்கெட், ஒரு ஃபில்டர் காபி. செலவு அவ்வளவுதான்.

முதலில் கிளம்புகிற இடத்தைப் பார்த்துவிடலாம். எழுபதுகளின் கடைசியில் இது கோனப்பன அக்ரஹாரம், தொட்ட தோகூரு என்கிற கிராமங்களின் நிலம். கர்நாடக அரசின் 'கியோனிக்ஸ்' நிறுவனம் முந்நூறு ஏக்கருக்கு மேல் எடுத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிலுக்கென்று ஒரு பேட்டை போட்டது. அதன் தலைவர் ஆர்.கே.பாலிகா, பெங்களூரை இந்தியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு ஆக்க வேண்டும் என்று கனவு கண்டவர். சாஃப்ட்வேர் அலை வந்தது பிறகுதான். 2010-ல் சில்க் போர்டிலிருந்து மேலேயே பறந்து வருகிற மேம்பாலம் வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதையும் வந்துவிட்டது. இப்போது ஓசூர் ரோடு டிராஃபிக்கை ஏசி பெட்டிக்குள் நின்றபடி வேடிக்கை பார்க்கலாம். ஆஹா, அந்தச் சுகமே தனி!

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் போட்டோ எடுக்க ஆசைப்படுவது இன்ஃபோசிஸ் வளாகத்துக் கண்ணாடி பிரமிடை. பொருத்தமான வடிவம்தான். ஏனென்றால் ஐ.டி. சேவைத் தொழிலின் கணக்கே பிரமிடுதான். அடியில் நிறைய ஃப்ரெஷர்கள், நடுவில் கொஞ்சம் லீடுகள், உச்சியில் ஒன்றிரண்டு பேர். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு கிளையன்ட் டாலரில் பணம் கட்டுவார். யார் தலையிலும் கட்டாமல் சும்மா இருந்தால் உங்களுக்கு 'பெஞ்ச்' என்று பெயர். அடித்தளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு லாபம். பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஃப்ரெஷர் சம்பளம் பத்துப் பதினைந்து வருஷமாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்பது ஏன் என்று கேட்காதவர்கள் கிடையாது. அதற்கும் விடை இந்தப் பிரமிடுக்குள்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் இன்ஜினீயர்கள் வெளியே வரும்போது அடித்தளத்துக்கு விலை ஏன் ஏறும்?

பொறுங்கள், சம்பளப் புலம்பல் அல்ல என் காரணம். அது வேறு.

நான் மூன்று வருஷம் ஒரே சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டேன். அயல்நாட்டுக் கடைச் சங்கிலி ஒன்றின் ஆர்டர்கள் ஓடுகிற சர்வர்கள். எங்களுக்குக் கொடுத்த இலக்கு 99.9 சதவிகிதம். கேட்க ஜோராக இருக்கும். கணக்குப் போட்டால், வருஷத்தின் 8,760 மணி நேரத்தில் எட்டே முக்கால் மணி நேரம்தான் அது படுத்துக்கொள்ளலாம். அதற்காக தீபாவளி ராத்திரி அலர்ட், பொங்கல் காலையில் பேட்ச், தங்கச்சி வளைகாப்பில் மூலையில் உட்கார்ந்து லேப்டாப். மூன்று வருஷமும் இலக்குக்கு மேலேயே ஓட்டினோம். டீமுக்கு கேக் வெட்டினார்கள். அடுத்த மாதமே ஒரு மெயில் வந்தது. அந்த சிஸ்டத்தையே மூடுகிறார்களாம்!

பழுதா? இல்லை. எங்கள் மேல் புகாரா? அதுவும் இல்லை. யாரோ எங்கேயோ ஒரு எக்செல் ஷீட்டில் ரெண்டு எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் இருந்த எங்கள் டீமில் அந்த எண்கள் என்னவென்று ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த ஷீட்டை ஒருதரம் பார்க்க வேண்டும் போலிருந்தது. என் எம்.பி.ஏ. ஆசை அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

சரி, வண்டியைக் கிளப்புவோம். மஞ்சள் பாதையில் ஏறி, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு, பி.டி.எம். லேஅவுட் தாண்டி ஜெயதேவா ஹாஸ்பிடல் ஸ்டேஷனில் இறங்குங்கள். கீழே ஓடுவதுதான் பன்னர்கட்டா ரோடு. அங்கே 365 வரிசை பஸ் எதிலாவது ஏறி, கண்டக்டரிடம் "ஐ.ஐ.எம்." என்றால் போதும். சில கிலோமீட்டர்தான் என்றாலும் டிராஃபிக் உங்கள் பொறுமைக்கு ஒரு குட்டி நுழைவுத் தேர்வு வைக்கும். எதிரே அப்போலோ ஆஸ்பத்திரி, இந்தப் பக்கம் மரங்கள் அடர்ந்த மதில். வந்துவிட்டோம்.

1973-ல் ஆரம்பித்த நிறுவனம் இது. இந்த வளாகம் எண்பதுகளில் எழுந்தது. கட்டியவர் பி.வி.தோஷி. லெ கார்பூசியேவிடம் வேலை பார்த்தவர், அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டும்போது லூயி கானோடு இருந்தவர். 2018-ல் கட்டடக் கலையின் பெரிய விருதான ப்ரிட்ஸ்கரை வாங்கிய முதல் இந்தியர். 2023-ல் மறைந்தார். அக்பரின் ஃபதேபூர் சிக்ரியை மனதில் வைத்து இதை வரைந்தாராம்.

உள்ளே போனால் முதலில் தெரிவது, கண்ணாடியே கண்ணில் படவில்லை என்பது. பாலிஷ் போடாத சாம்பல் நிறக் கருங்கல் சுவர்கள். நம்ம ஊர்ப் பழைய சத்திரத்துச் சுவர் மாதிரி சொரசொரப்பு. நீ...ளமான தாழ்வாரங்கள். சில இடத்தில் மேலே கூரை, சில இடத்தில் வெறும் உத்தரங்கள், அவற்றில் படர்ந்த கொடி. உத்தரங்களின் நிழல் தரையில் கோடு கோடாக விழும். மணிக்கு மணி அந்தக் கோடு நகரும். வகுப்புக்கு உள்ளே நடப்பது மட்டும் படிப்பல்ல, வெளியே வந்து நடந்துகொண்டே சண்டை போடுவதும் படிப்புதான் என்பது தோஷியின் எண்ணம். அதனால் தாழ்வாரத்தைத் தாராளமாகக் கட்டியிருக்கிறார். எங்கள் ஆபீசில் நடைபாதை என்பது ஸ்வைப் பண்ணிவிட்டு வேகமாகக் கடக்கிற இடம். இங்கே நிற்கலாம்!

'இந்த இடத்தை எங்கேயோ பார்த்திருக்கோமே...' என்று உங்களுக்குத் தோன்றும். 2009-ல் வந்த 'த்ரீ இடியட்ஸ்' இங்கேதான் எடுத்தார்கள். அமீர்கான் படித்த அந்த இன்ஜினீயரிங் காலேஜ், நிஜத்தில் ஒரு பிசினஸ் ஸ்கூல். இன்ஜினீயர்களின் கதை கடைசியில் எங்கே போய் நிற்கிறது பார்த்தீர்களா!

என்னை முதலில் இங்கே அழைத்து வந்தவர் எங்கள் டீம் லீட். இங்கே வேலையை விடாமல் வார இறுதியில் படிக்கிற ஒரு கோர்ஸ் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் சாஃப்ட்வேர்காரர்களுக்கென்றே தொடங்கி, பிறகு எல்லாத் துறைக்கும் திறந்துவிட்டார்கள். அவர் அதில் படிக்கிறார். ஒரு சனிக்கிழமை, தாழ்வாரத்துத் திண்டில் உட்கார்ந்து அவருடைய வகுப்புத் தோழர்கள் ஒரு 'கேஸ்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேஸ் என்றால் போலீஸ் கேஸ் இல்லை. ஒரு கம்பெனி நிஜமாகவே மாட்டிக்கொண்ட சிக்கல், பத்து இருபது பக்கம். கடைசிப் பக்கத்தில் விடை இருக்காது. 'நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்பதோடு நிற்கும். அன்றைக்குப் பேச்சு, நன்றாக ஓடுகிற ஒரு தொழிற்சாலையை மூடுவதா வேண்டாமா என்பது. ஒருத்தர் மூடு என்கிறார், ஒருத்தர் கூடாது என்கிறார், இருவர் கையிலும் எண்கள். நான் காபி ஆறியதுகூடத் தெரியாமல் நின்றேன். அந்த எக்செல் ஷீட் இப்படித்தான் பிறக்கிறதா!

அதே வளாகத்தில் என்.எஸ்.ஆர்.சி.இ.எல். என்று ஒரு மையம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களைக் கைப்பிடித்து நடத்துகிற இடம், 2000-ல் ஆரம்பித்தது. அந்த 'என்.எஸ்.ஆர்.' யார்? நாடத்தூர் எஸ்.ராகவன், இன்ஃபோசிஸைத் தொடங்கிய எழுவரில் ஒருவர். நாம் கிளம்பிய இடத்துக்கும் வந்த இடத்துக்கும் ஏற்கெனவே ஒரு பாதை போட்டிருக்கிறார்கள்.

இங்கே நின்றுகொண்டு ஒரு விஷயத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். 'கோடிங் பிடிக்கலை, அதனால எம்.பி.ஏ.' என்பவர்கள் தயவுசெய்து இன்னொரு தரம் யோசியுங்கள். படித்து முடித்து நீங்கள் போகப்போவது பெரும்பாலும் அதே கோடர்களை வேலை வாங்குகிற நாற்காலிக்குத்தான். 'நைட் ஷிஃப்ட் தாங்கலை' என்பதற்கு வேறு டீம் கேட்டாலே போதும், 25 லட்சம் தேவையில்லை. ஓடிவருவதற்கு இது தோதான இடம் இல்லை. உங்கள் வேலையே உங்களுக்குள் ஒரு கேள்வியைக் கிளப்பி, அதற்கு அந்த வேலையில் பதில் கிடைக்காவிட்டால் மட்டும் வாருங்கள். வேலை பார்க்காமல் நேராக வருகிறவர்கள் நிறையப் பேர் ஜெயிக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கேள்வியோடு வருகிறவனுக்கு அந்தத் தாழ்வாரப் பேச்சு வேறு மாதிரி கேட்கும்.

25 லட்சம் என்றேனே... அது மிகையில்லை. ரெண்டு வருஷக் கட்டணம் அந்த அளவுக்குத்தான் வருகிறது. பிணையம் கேட்காமல் பெரிய வங்கிகள் கடன் தரும். 10 சதவிகித வட்டியில் பத்து வருஷம் என்றால் மாதத் தவணை 33,000 ரூபாய். அதோடு விட்டுவிட்டு வருகிற சம்பளத்தையும் சேருங்கள். மாதம் 50,000 என்று வைத்தால் ரெண்டு வருஷத்துக்கு 12 லட்சம். ஆக 37 லட்சம், வட்டி தனி. இந்தக் கணக்கைப் போடாமல் 'ஒய் எம்.பி.ஏ?' என்ற இன்டர்வியூ கேள்விக்கு மட்டும் பதிலை மனப்பாடம் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அப்பா இந்தக் கணக்கை ஒரு நொடியில் போட்டார். எங்கள் ஊர் போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது, தெரியும்தானே? இந்தியா முழுக்க எங்கே ஆழ்துளைக் கிணறு போட்டாலும் திருச்செங்கோட்டு வண்டி ஒன்று நிற்கும். அப்பாவுக்கு அப்படி ஒரு வண்டியில் பங்கு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

"ஏங்கண்ணு, இருவத்தஞ்சு லட்சத்துக்கு இன்னொரு வண்டில பங்கு போட்டுரலாமே?" என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லி, டீசலும் ஆள் கூலியும் போக என்ன நிற்கும் என்று பார்த்து, எந்த மாநிலத்திலிருந்து வண்டியைத் திருப்புவது என்று முடிவெடுக்கிறவர் அவர். நான் தேடுகிற ஷீட் அவர் சட்டைப் பையில் டைரியாக இருக்கிறது! இதைச் சொன்னேன். "அப்ப இங்கயே கத்துக்க வேண்டியதுதான?" என்றார். ஒரு வண்டியின் கணக்கு வேறு, ஆயிரம் கடைகளின் கணக்கு வேறு என்று விளக்கினேன். முழுசாக ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. இன்னும் ரெண்டு வருஷம் வீட்டுக்குப் பணம் வராது என்பதை அம்மாவிடம் அவர்தான் சொன்னார்.

காலேஜில் இருக்கிற உங்களுக்கு ரெண்டு மூன்று தகவல். 'கேட்' பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறு. ரெண்டு மணி நேரம், மூன்று பகுதி. சுமார் மூன்று லட்சம் பேர் எழுதுகிறார்கள். அதில் மார்க் வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். பெங்களூரில் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க்குகளையும், வேலை அனுபவத்தையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அரியர் வைத்திருப்பவர்கள் இந்த வரியை மறுபடி படிக்கவும். திருச்சியில் 2011-லிருந்தே ஒரு ஐ.ஐ.எம். இருக்கிறது, புதுக்கோட்டை ரோட்டில். அதையும் போய்ப் பாருங்கள். பெங்களூர் வளாகத்துக்குள் சும்மா கேட்டால் செக்யூரிட்டி விடமாட்டார். 'விஸ்டா', 'உன்மாத்' என்று விழாக்கள் நடத்துகிறார்கள். வெளிக் காலேஜ் மாணவர்களும் கலந்துகொள்ளலாம். போட்டியில் ஜெயிக்காவிட்டாலும் தாழ்வாரத்தில் நடந்துவிட்டு வரலாம்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு ஜூனில். ஆஃபீசில் நோட்டீஸ் பீரியட் 90 நாள், கையில் இருப்பதோ ஐம்பது நாள்கூட இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு மேனேஜரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். நேற்று ராத்திரி அப்பா போன் பண்ணினார். வண்டி சத்தீஸ்கரில் நிற்கிறதாம். "டீசல் ஏறிப்போச்சு கண்ணு. அடிக்கு எத்தனை ஏத்துனா பார்ட்டி ஓடாம இருப்பான்னு அங்க சொல்லிக்குடுப்பாங்களா?" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.