கூகையின் செவிக்கு வேலை

கூண்டில் வாழும் வெண்கூகைக்கு உணவு குறைவதில்லை. அதன் செவிக்குத்தான் வேலையில்லாமல் போகிறது. பிரிட்டனின் வேட்டைப்பறவை மையங்களில் பெரும்பாலும் இரையாகத் தரப்படுபவை, முட்டைக்கோழித் தொழிலில் பயனற்றவை என்று ஒதுக்கப்படும் ஒருநாள் வயதுச் சேவற்குஞ்சுகள். உறைந்த நிலையில் வந்துசேரும் அவற்றை உருகவைத்து, அளவு பார்த்துப் பலகைமேல் வைத்தால், வயல்வெளியில் நெடுநேரம் நீளும் ஒரு செயல் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இக்குறையை ஈடுசெய்யப் பராமரிப்பாளர்கள் கையாளும் முறையே சூழல் செறிவூட்டல்; அதாவது, அடைபட்ட உயிரினம் தன் இயல்பான நடத்தைகளை வெளிப்படுத்தும்படி அதன் இடத்தையும் உணவையும் அன்றாட வேளைகளையும் மாற்றியமைத்தல்.

கூகையிடம் இம்முறை ஒலியிலிருந்தே தொடங்க வேண்டும். இதய வடிவ முகத்தின் விறைப்பான இறகுகள் ஒலியைத் திரட்டிச் செவித்துளைகளுக்கு அனுப்ப, இடத்துளை சற்று உயரத்தில் கீழ்நோக்கியும் வலத்துளை தாழ்ந்து மேல்நோக்கியும் அமைந்திருப்பதால், இரு செவிகளையும் எட்டும் ஒலியின் வலிமை வேறுபாட்டிலிருந்து இரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும், நேர வேறுபாட்டிலிருந்து அது எப்பக்கம் இருக்கிறது என்பதையும் பறவை அறிகிறது. திமிங்கலப் பாடல் ஆய்வால் பெரிதும் அறியப்படும் ரோஜர் பெயின், 1971இல் வெளியிட்ட ஆய்வில், முழு இருளிலும் கூகை எலியைப் பிடிப்பதையும், சருகுகளின் ஊடே இழுக்கப்பட்ட காகித உருண்டையின்மீதுகூட அது பாய்வதையும் பதிவுசெய்தார். மணமும் உடற்சூடும் இல்லாத அந்தக் காகிதம் உணர்த்தியதையே பராமரிப்பாளர்கள் தம் தொழிலாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தரையில் உலர்ந்த சருகைத் தடிமனாகப் பரப்பி, இறந்த குஞ்சை மெல்லிய நூலில் கட்டி அதனடியில் மறைத்து, வெளியே நின்று இழுக்கும்போது சீராக இழுத்தால் பயனில்லை. எலி ஓடும், நிற்கும், மீண்டும் சிறிது ஓடும் என்பதால் நூலும் அவ்வாறே விட்டுவிட்டு நகர வேண்டும். முதல் சலசலப்பில் கூகை முகத்தைத் திருப்புகிறது. அடுத்ததில் தலையைப் பக்கவாட்டிலும் மேலுங்கீழுமாகவும் அசைத்து இடத்தை அளக்கிறது. ஒலி நின்றுவிட்டால் தானும் அசையாமல் காத்திருக்கிறது. அவ்வேளையில் நூலைத் தொடாமல் பொறுத்திருப்பதே இத்தொழிலில் பழகுவதற்கு மிகக் கடினமான பகுதி. பின்னர் ஓசையின்றி இறங்கும் பறவை, கடைசிக் கணத்தில் தலையைப் பின்வாங்கிக் கால்களை முன்னே வீசி, இரையைச் சருகோடு சேர்த்துப் பற்றுகிறது. காலில் சுற்றினாலோ தொண்டைக்குள் போனாலோ நூல் உயிரையே பறித்துவிடக்கூடும் என்பதால், இழுத்தவுடன் கழன்றுவரும் முடிச்சைப் போடத் தெரியாதவரிடம் இவ்வேலையை ஒப்படைக்கவே கூடாது.

ஒரே இடத்தில் ஒரே வேளையில் நடக்கும் வேட்டை விரைவில் வெறும் உணவுவேளையாகிவிடும் என்பதால் சருகின் இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பறவை வர மறுக்கும் நாளில் அம்மறுப்பை ஏற்று இரையைப் பலகையிலேயே வைத்துவிட வேண்டும். மனிதரிடம் வளர்ந்த கூகைக்கு நூல் பிடிப்பவர் தெரிவது இடையூறாவதில்லை. காயம்பட்டு வந்த காட்டுக் கூகைக்கோ அதுவே பேரச்சம். அதன் கூண்டில் இரையை மரக்கட்டைகளுக்கும் புல்லுக்கும் இடையே மறைத்துவிட்டு ஆள் விலகிவிடுவதுதான் முறை. உயிருள்ள எலியை விட்டால் எளிதாக முடியுமே என்ற வாதம், ஒளிந்துகொள்ள வழியற்ற எலியின் துன்பத்தைக் கணக்கில் கொள்ளாதது. நூலும் சருகும் பொறுமையும் அவ்வேலையைச் செய்யும்போது அத்துன்பத்துக்குத் தேவையே இல்லை.