ஒயில் மாற்றியதும் முதல் ஸ்டார்ட்



நேற்று ஸ்கூல் விட்டு வரும் வழியில், சேர்விஸ் போடும் இடமொன்றில் ஒரு தம்பி ஒயில் மாற்றிய கையோடு காரை ஸ்டார்ட் பண்ணி எக்ஸிலேட்டரை மிதித்து இரைய விட்டான். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. காரணம் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முந்தி வாப்பாவின் பழைய காருக்கு முற்றத்தில் வைத்து நானே ஒயில் மாற்றினேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினில் ஒட்டி நின்றதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதைப் பூட்டிவிட்டேன். ஸ்டார்ட் பண்ணினேன். அணைந்த சிவப்பு லைட் கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது. ஒயில் சரியாக ஏறவில்லை போல என்று நினைத்து மிதித்தேன். ஒயிலெல்லாம் மணலில் கொட்டிக் கிடந்தது. குனிந்து பார்ப்பதற்குள் உள்ளே 'டக் டக்' சத்தம்.

கராஜ் காக்கா கழற்றிப் பார்த்தார். பெயாரிங் தேய்ந்து போயிருந்தது.

"சேர், லைட் எரிஞ்சா ஓஃப் பண்ணணும். மிதிக்கிறதா?"

செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. உம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போக மூன்று வாரம் ஆட்டோ. வாப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

விஷயம் இதுதான். என்ஜின் ஓடும்போது கிராங்கும் பெயாரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் மெல்லிய ஒயில் படலம் நிற்கும். ஒயில் மாற்றும்போது ஃபில்டர் வெறுமை, ஒயில் ஓடும் துளைகளிலும் பெரும்பாலும் வடிந்திருக்கும். பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பித்தான் மேலே அனுப்பும். அந்தச் சில செக்கன்கள் என்ஜின் பழைய ஒயிலின் ஈரத்தில்தான் சுற்றுகிறது. அப்போது இரைய விடுவது சஹர் செய்யாமல் நோன்பு பிடித்தவனை ஓட்டப் பந்தயத்தில் விடுவது மாதிரி.

இப்போது நான் செய்வது: பழைய வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். புதிய வளையத்தில் ஒயில் பூசுவேன். ஃபில்டர் வாய் மேலே பார்த்தபடி பூட்டுவதென்றால், முன்கூட்டியே அதில் ஒயில் ஊற்றி ஊற விடுவேன். பக்கவாட்டில் பூட்டுவதென்றால் ஊற்றினாலும் கொட்டும், விட்டுவிடுங்கள். கையால் மட்டும் இறுக்குவேன். ஸ்டார்ட் பண்ணியதும் கால் எக்ஸிலேட்டர் பக்கமே போகாது. லைட் சில செக்கன்களில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே ஓஃப். அணைந்தால் ஓரிரு நிமிடம் சும்மா ஓட விட்டு, ஃபில்டரடியிலும் நட்டடியிலும் கசிகிறதா பார்த்து, ஓஃப் பண்ணிச் சில நிமிடம் கழித்துக் கம்பியில் அளவு பார்ப்பேன். ஃபில்டர் குடித்த அளவு குறைந்திருக்கும், அதை ஊற்ற வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பல இடங்களில் செய்வதே இல்லை.

சேர்விஸுக்குக் கொடுப்பவர்கள் வெட்கப்படாமல் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தும் விலை நமக்கு எட்டுகிறதா? இருக்கிற என்ஜினைத்தான் வைத்து ஓட்ட வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பிறகு மறுபடி ஒயில் மாற்றினேன். ஸ்டார்ட் பண்ணியதும் திண்ணையிலிருந்து வாப்பாவின் குரல்:

"லைட் அணைஞ்சிட்டா மகன்?"